இடுக்கி தாலுகா பேர்கள் எங்கிருந்து வந்தது?

கேள்வி: இடுக்கி, பீர்மேடு, தேவிகுளம், மூணாறு – பேர்க்காரணம் சொல்லுங்க. பசங்க சார்ட்டுக்கு வேணும்.

பதில் 1: இடுக்கின்னா இடுக்குதான். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவுல பெரியாறு நெருக்கிக்கிட்டுப் போற இடம். வளைவு அணையும் அங்கதான். மாவட்டம் உருவானது 1972 ஜனவரி 26. தலைமையிடம் பைனாவு, மாத்தி எழுதிடாதீங்க.

பதில் 2: பீர்மேடுல மேடு நம்ம மேடுதான். பீர், சூஃபிப் பெரியவர் பீர் முகமது பேருன்னு சொல்வாங்க. பீர்க்கங்காய்னு நினைக்கிறவங்களும் உண்டு!

பதில் 3: மூணாறு தாலுகா இல்லைங்க, தேவிகுளம் தாலுகாவுல வருது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூணும் கூடுற இடம். பேரைப் பிரிக்கறப்ப கடைசித் துண்டை முதல்ல பாருங்க: மேடு, குளம், ஆறு. முன்துண்டுலதான் சறுக்கும். தேவிகுளத்துக்கு சீதை குளிச்ச கதை சொல்வாங்க. அதை 'ஐதீகம்'னே எழுதச் சொல்லுங்க.