நுவரெலியா வீட்டின் கீழறையில் பெலட் அடுப்பு: புகைக்குழாயை எப்படி அமைப்பது?

வெள்ளவத்தைவாசி:
கொழும்பில் வசிக்கும் எங்களுக்கு நுவரெலியாவில் சரிவில் கட்டிய பழைய வீடொன்று உண்டு. மூன்று பக்கமும் மண் அணைந்த அதன் கீழறை, டிசம்பர் பிறந்ததும் தாங்க முடியாத குளிராகிவிடுகிறது. கனடாவிலுள்ள மைத்துனர் தம்முடைய பெலட் அடுப்பை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளான பெலட்டை எரிப்பது) அனுப்புவதாகச் சொல்கிறார். குழாயைச் சுவர் வழியாக நேரே வெளியே விட்டால் போதுமா?

கொட்டாஞ்சேனை மேசன்:
போதாது. புகையை வெளியே தள்ளுவது ஒரு மின்விசிறி. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிட, அடுப்புக்குள் பெலட் எரியும் கிண்ணத்தில் மிச்சமிருப்பது புகைந்து, அந்தப் புகை அறைக்குள்ளேயே திரும்பக்கூடும். ஆகவே சுவரைத் தாண்டியதும் டீ (T) வடிவ இணைப்பொன்றைப் பொருத்தி, அங்கிருந்து குழாயைச் செங்குத்தாகக் கூரைக்கு மேல் வரை உயர்த்துங்கள்; விசிறி நின்றாலும் சூடான புகை தானாக மேலேறும். டீயின் அடிமூடியைக் கழற்றிச் சாம்பலை வழித்தெடுக்கலாம். இரட்டைச் சுவருள்ள பெலட் குழாயே வேண்டும். தகரக் கடையில் உருட்டித் தரும் ஒற்றைத் தகடு கூடவே கூடாது. எரிவதற்கான காற்றையும் தனிக் குழாயில் வெளியிலிருந்தே கொடுங்கள்.

தெஹிவளை மின்வேலை:
முதலில் அடுப்பின் பின்புறத்தில் மின் விவரம் பொறித்த தகட்டைப் பாருங்கள், ஐயா. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், அதன் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230, 50. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஹெர்ட்ஸ் குறைவதால், பெலட்டை ஊட்டும் திருகு மோட்டார் மெதுவாகச் சுழன்று, தீயின் அளவே பிசகலாம். கப்பல் கூலியும் கொடுத்து இந்தத் தலைவலி எதற்கு? 50 ஹெர்ட்ஸுக்கான ஐரோப்பிய அடுப்பே மேல்.

வெள்ளவத்தைவாசி:
மிக்க நன்றி. தகட்டின் படத்தை மைத்துனரிடம் கேட்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை மேசன்:
எந்த அடுப்பானாலும், கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவைக் கண்டு ஒலிக்கும் அலாரம் ஒன்றைக் கீழறையிலும் இன்னொன்றை மேல்மாடிப் படுக்கையறைக்கு அருகிலும் பொருத்திய பிறகே பற்றவையுங்கள்.