இவருக்கு விழித்திரை கிழிந்து லேசர் வைத்திருக்கிறது, இனி எப்படிக் கவனிப்பது?

விசுவமடு_தங்கச்சி:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 49. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கண்ணாடி போடுகிறவர், பவர் மைனஸ் 7. போன கிழமை ஒரு பின்னேரம் மிளகாய்த் தோட்டத்தில் நின்றபோது வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது என்றார், வானத்தில் மழைக்குணமே இல்லை. விடிந்ததும் நுளம்புக் கூட்டம் பறக்கிற மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கிவிட்டன. நோவும் இல்லை, கண் சிவக்கவும் இல்லை. மாமி நந்தியாவட்டைப் பூவை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கண்ணில் விடச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பார்த்த கையோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மேல்பக்கத்தில் கிழிசல் என்று அன்றைக்கே லேசர் வைத்தார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால் அந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, இடைக்கிடை மின்னலும் வருகிறது. லேசர் சரிவரவில்லையா? காலபோக அறுவடை நெருங்குகிறது, இவரை மூட்டை தூக்க விடலாமா? வீட்டுக்கு வருகிற சனம் எல்லாம் இறால், நண்டு, கத்தரிக்காய் கொடுக்காதே, கிரந்தி என்கிறார்கள், தலை முழுகவும் கூடாதாம். இவர் வாய் திறந்து ஒன்றும் சொல்கிறாரில்லை, ஆனால் பயந்து போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.


கனகராயன்குளம்_அக்கா:

தங்கச்சி, முதலில் பயப்படாதீர்கள், நீங்கள் நேரத்துக்குக் கொண்டுபோனதுதான் பெரிய காரியம். எங்கள் வீட்டுக்காரருக்கும் இதேதான் வந்தது. புள்ளிகள் லேசரால் போகாது என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார், இருந்தும் இவர் ஒவ்வொரு நாளும் சுவரைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது, இப்போது வெள்ளைத் தாளைப் பார்த்தால்தான் தெரிகிறது என்கிறார்.

கிரந்திச் சாப்பாட்டைப் பற்றி நானும் கேட்டேன். லேசர் வைத்த கண்ணுக்கும் நண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம் என்றார்கள். சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். லேசருக்குக் கண்ணை வெட்டுவதில்லை, அதனால் முகம் கழுவலாம், முழுகலாம். கண்ணைக் கசக்க மட்டும் விடாதீர்கள். முழுகுவது பற்றிச் சனம் சொல்வது கண் ஒப்பரேசன் செய்தவர்களுக்கு உரியது, அதையும் இதையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

அறுவடையை இந்த முறை யாரிடமாவது ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் மருந்தடிக்கிற மெசினை முதுகில் தூக்க நான் விடவேயில்லை, கோபித்தார், பரவாயில்லை.


கண்பிரிவு_தாதி:

நான் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் கண் பிரிவில் பல வருடம் வேலை செய்தவள், கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கண்ணுக்குள் ஜெல்லி போன்ற ஒரு பொருள் நிரம்பியிருக்கிறது. வயது போகப் போக அது நீர்த்துச் சுருங்கி விழித்திரையிலிருந்து விலகும். அநேகமானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாமல் விலகிவிடும். சிலருக்கு இறுக ஒட்டியிருக்கும் இடத்தில் விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். உங்கள் கணவரைப்போல மைனஸ் பவர் கூடியவர்களுக்கு விழித்திரை மெல்லியதாக இருப்பதால் ஆபத்து அதிகம். அந்த இழுப்பைத்தான் மூளை மின்னலாக உணர்கிறது. கிழிசல் வழியாகத் தண்ணீர் பின்னால் புகுந்தால் விழித்திரை கழன்றுவிடும். லேசர் என்பது கிழிசலைச் சுற்றிச் சிறு சிறு சூட்டுத் தழும்புகளை உண்டாக்கி அந்த இடத்தைப் பின்சுவரோடு ஒட்ட வைப்பது. அந்தத் தழும்பு இறுக ஏறக்குறைய 10 நாள் முதல் 2 கிழமை வரை எடுக்கும், ஆகவே அதுவரைக்கும் பாரம் தூக்குவது, குனிந்து மண்வெட்டி பிடிப்பது, பள்ளம் திட்டியில் மோட்டார் சைக்கிள், உழவு மெசின் ஓட்டுவது எல்லாவற்றையும் விட்டுவைப்பது நல்லது. அதற்குப் பிறகும் கிளினிக்கில் பார்த்துச் சரி என்று சொன்ன பின்னர்தான் வேலைக்கு விடுங்கள்.

புள்ளிகள் அந்த ஜெல்லிக்குள் மிதப்பவை. லேசர் ஜெல்லியைத் தொடுவதில்லை, பிறகெப்படிப் போகும்? மின்னலும் இழுப்பு முடியும்வரை சில கிழமை வரலாம். இரண்டும் குறைந்துகொண்டே போனால் நல்லது. அறிகுறியோடு வருகிற குதிரைலாட வடிவக் கிழிசலைச் சும்மா விட்டால் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு விழித்திரை கழன்றுவிடும், நேரத்துக்கு லேசர் வைத்தால் அது 5 வீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. இவருக்கு இதைச் சொல்லுங்கள், தெம்பு வரும்.

ஆனால் அந்த மிச்ச ஆட்களை மறக்க முடியாது. திடீரென்று புதிதாகப் புள்ளிகள் கொட்டினால், மின்னல் கூடினால், ஒரு பக்கத்திலிருந்து நிழல் திரைபோல் ஏறினால், நேர்கோடு வளைந்து தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இவருக்குக் கிழிசல் மேலே என்கிறீர்கள். மேலே கழன்றால் நிழல் கீழ்ப்பக்கம்தான் தெரியும், கண்ணில் எல்லாம் தலைகீழ். மேலே கழன்றால் தண்ணீர் கீழ்நோக்கி இறங்குவதால் நடுப்பகுதியான மக்குலாவைச் சீக்கிரம் எட்டிவிடும். மக்குலா கழருமுன் ஒப்பரேசன் செய்தவருடைய பார்வையும் பிறகு செய்தவருடைய பார்வையும் ஒன்றாக இருப்பதில்லை. விழித்திரைக்கு நோ தெரியாது, நோகவில்லையே என்றுதான் நம் சனம் பிந்தி வருகிறது. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் கதவு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும்.

விசுவமடுப் பக்கம் இரவில் பஸ் பிடிக்க முடியாது. யாருடைய வானில் பரந்தன் வந்து ஏ9 ஏறுவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். லேசர் வைத்த துண்டையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள்.


முள்ளியவளை_மாஸ்டர்:

பிள்ளை, உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்கு லேசர் வைத்த பிறகும் வேறு இடத்தில் கழன்றது. கீழே கறுப்பாக ஏறுகிறது என்றதும் மனைவி அந்த இரவே வானை எடுப்பித்தார். கொழும்பில் ஒப்பரேசன் செய்து கண்ணுக்குள் வாயு விட்டார்கள். சாப்பாடு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் குப்புறக் கிடக்க வேண்டியிருந்தது, அது எல்லோருக்கும் அப்படியில்லை, கழன்ற இடத்தைப் பொறுத்தது. வாயு குறையக் குறைய மேலே தெளிவு வரும், கீழே ஒரு கோடு ஆடிக்கொண்டு நாளுக்கு நாள் இறங்கும். வகையைப் பொறுத்து 2 கிழமையிலிருந்து 2 மாதம் வரை நிற்கும்.

அந்த நாட்களில் விமானம் ஏறவே கூடாது, உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையையே பறித்துவிடும். எங்கள் பகுதியில் பாதிக்குடும்பம் கனடா, லண்டன் என்று இருக்கிறது, ரிக்கெற் எடுத்துவிட்டோம் என்று யாரும் துணியக் கூடாது. நுவரெலியாகூட ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம், அங்கே போகவும் எனக்குத் தடைதான். இப்போது பத்திரிகை வாசிக்கிறேன், தோட்டமும் செய்கிறேன்.

இன்னொன்று. 2009 போரில் செல் (எறிகணை) பட்டவர்கள் நம்மிடையே நிறைய. தலையில், கண்ணருகே காயம் பட்டிருந்தால், உடம்பில் செல்லின் இரும்புத் துண்டு இருந்தால் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடிபட்ட கண்ணில் வருடங்கள் கழித்தும் விழித்திரை கழரும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் அதை முதலில் சொல்ல வேண்டும்.


விசுவமடு_தங்கச்சி:

அக்கா, மாஸ்டர், தாதி அக்கா, எல்லோருக்கும் நன்றி. இவருக்கு வாசித்துக் காட்டினேன், கன நாளைக்குப் பிறகு வாய் திறந்து, மற்றக் கண்ணும் இப்படிப் போகுமா என்று கேட்டார். மகளுக்கும் மைனஸ் 4 கண்ணாடி, அவளையும் காட்ட வேண்டுமா?


கண்பிரிவு_தாதி:

மற்றக் கண்ணிலும் ஜெல்லி ஒருநாள் விலகத்தான் செய்யும், அதனால் அதையும் கிழிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக மின்னல் வந்தால் வலதுக்குச் செய்ததையே இடதுக்கும் செய்யுங்கள், அன்றைக்கே வெளிக்கிடுங்கள். மகளையும் ஒருமுறை கண்மணியை விரித்துப் பார்க்கக் கொண்டுபோங்கள், அப்பாவுக்கு இப்படி என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கி வெயில் கூசும், ஆகவே மோட்டார் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போய் வாருங்கள், கறுப்புக் கண்ணாடி இருந்தால் கொண்டுபோங்கள். கண் நல்லாக இருக்கிறது, அறுவடை முடியட்டும் என்று அடுத்த கிளினிக்கை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள்.