டைனிங் கார்ல உட்கார்ந்து சாப்பிட்டது எப்படி? எப்போ நின்னுச்சு?

தென்காசிக்காரன்:
பரண்ல இருந்து ஐம்பதுகள்ல வந்த ஒரு ரயில்வே கால அட்டவணை கிடைச்சுது. சில மெயில் வண்டிகளுக்கு மட்டும் ரெஸ்டாரன்ட் கார் உண்டுன்னு போட்டிருக்கு. அந்தக் காலத்துல பெட்டிக்குப் பெட்டி போக வழியே கிடையாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அப்போ ஓடுற வண்டியில சாப்பாட்டுப் பெட்டிக்கு எப்படிப் போனாங்க? இப்போ பேன்ட்ரி கார்தான் இருக்கு, உட்கார இடமில்ல. மேஜை நாற்காலியெல்லாம் எப்போ, ஏன் போச்சு? "வெள்ளைக்காரன் போனான், அதுவும் போச்சு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இந்த அட்டவணையே சுதந்திரத்துக்கு அப்புறம் அச்சடிச்சது.

மாதுங்கா மணி:
முழுசா போயிடல தம்பி. மும்பை–புனே டெக்கான் குவீன்ல இன்னமும் டைனிங் கார் ஓடுது. 1930 ஜூன் 1-ல ஆரம்பிச்ச வண்டி. 2022-ல எல்எச்பிங்கிற புது ரகப் பெட்டிகளுக்கு மாத்தினப்பவும் டைனிங் காரைக் கழட்டல, மேஜை போட்டு 40 பேர் உட்காரலாம். சீஸ் டோஸ்ட் சாப்பிட்டுட்டே காட் மலைப்பாதை ஏறலாம். இங்க தினசரி போய்வர்ற ஆளுங்க அதைத் தொட விடமாட்டாங்க.

பேன்ட்ரி தாத்தா:
எழுபதுகளோட கடைசியில ரயில்வே கேட்டரிங்ல கிளீனரா சேர்ந்து, பரிமாறுற பேரராகி, பேன்ட்ரி மேனேஜரா ரிட்டயர் ஆனவன் நான். டைனிங் கார்ல வேலை பார்த்த சீனியர்கள்கிட்டதான் தொழில் கத்துக்கிட்டேன்.

தம்பி கேட்டதுக்கு நேர் பதில்: இறங்கித்தான் போனாங்க. ஒரு ஸ்டேஷன்ல வண்டி நின்னதும் தன் பெட்டியிலேர்ந்து இறங்கி, பிளாட்பாரத்துல நடந்து, டைனிங் கார்ல ஏறணும். சாப்பிட்டு முடிச்சாலும் அடுத்த ஸ்டேஷன் வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கணும். வண்டி நின்னாத்தான் தன் இடத்துக்குத் திரும்ப முடியும். அவ்வளவு நேரம் சாமான் செட்டையெல்லாம் யார் பார்க்கிறது? முதல் வகுப்புக்காரருக்குக் கூடவே வேலைக்காரன் வருவான், கவலையில்ல. மூணாம் வகுப்புல இடத்தை விட்டு எழுந்தா இடமே இருக்காது. அதனால அவங்களுக்குக் கட்டுச்சோறு, இல்லைன்னா ஜன்னலோரம் வர்ற இட்லிப் பொட்டலம். டைனிங் கார்ங்கிறது ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் பேருக்கானது.

நடத்தினவங்களும் தனியார்தான். கிழக்கிந்திய ரயில்வேயில கெல்னர், பம்பாய் பக்கம் பிராண்டன், நம்ம தெற்கே ஸ்பென்சர். ஸ்டேஷன் ரிஃப்ரெஷ்மென்ட் ரூமும் இவங்க கையிலதான். 1954-ல ரயில்வே துணை அமைச்சரா இருந்த நம்ம ஓ.வி. அளகேசன் தலைமையில ஒரு கமிட்டி உட்கார்ந்துது. அடுத்த வருஷமே ரயில்வே தானே சமைச்சுப் போட ஆரம்பிச்சுது. எங்க வேலைக்கு வேர் அதுதான்.

இப்போ இரண்டாவது கேள்வி. இதுல பலபேர் தப்பாச் சொல்றதைக் கேட்டிருக்கேன். ரசனை செத்துப்போச்சு, ஜனங்க மாறிட்டாங்கன்னு சொல்வாங்க. என்னைக் கேட்டா டைனிங் காரைக் கொன்னது வெஸ்டிப்யூல்தான். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல ரப்பர் மடிப்பு வெச்ச அந்த நடைவழி. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐசிஎஃப் 1955-ல தொடங்கினதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லா எக்ஸ்பிரஸ்லயும் வழி வந்துது. பயணி நடந்து போய் உட்கார்ந்து சாப்பிடுவார்னுதானே நினைக்கத் தோணும்? நடந்தது அவர் இல்ல, பேரர். நாங்க ஆர்டர் எடுத்து, தட்டை அடுக்கிக்கிட்டு, சீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரே நேரத்துல முப்பது நாற்பது பேருக்குத்தான் மேஜை போட முடியும். தட்டு தூக்கினா அதே அடுப்பு வண்டி முழுக்கச் சோறு போடும். அப்புறம் எதுக்கு மேஜை? அமெரிக்காவுல இதே வழி டைனிங் காருக்குக் கூட்டம் சேர்த்துதுன்னு சொல்வாங்க. புல்மேன் கம்பெனி 1868-லயே 'டெல்மோனிகோ'ன்னு ஒரு டைனிங் கார் ஓட்டினது, வெஸ்டிப்யூல் வந்தது 1887-ல. அங்க அது சரி, நம்ம கூட்டத்துக்கு ஒத்துவராது.

கணக்கும் இருக்கு. ஸ்லீப்பர் பெட்டி ஒண்ணுல 72 பேர் டிக்கெட் வாங்கிப் படுப்பாங்க. டைனிங் கார்ல ஒருத்தரும் டிக்கெட் வாங்கி உட்கார்றதில்ல. எஞ்சின் இழுக்கிற எடை என்னவோ ஒண்ணுதான். 1969-ல ஹவுரா ராஜதானி வந்து, சாப்பாட்டுக் காசையும் டிக்கெட்டோட சேர்த்து வாங்கி, சீட்டுல கொண்டுவந்து கொடுத்ததும் எல்லாருக்கும் அதுதான் சரின்னு ஆயிடுச்சு. நான் சேர்றப்ப நீள ரூட் வண்டிகள்ல பேன்ட்ரிதான் பரவியிருந்துது: முழுப் பெட்டியும் சமையற்கட்டு, நாங்க தூங்க ஒரு மூலை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல விஜயவாடா தாண்டுற வெயில்ல அடுப்புகிட்ட நின்னு பாருங்க, டைனிங் காரோட நாகரிகம்லாம் ஞாபகத்துக்கே வராது.

கரிசல் வாசகர்:
தாத்தா சொன்ன ரிஃப்ரெஷ்மென்ட் ரூம் பத்தி ஒண்ணு சேர்க்கணும். தென்னிந்திய ரயில்வே நிலையங்கள்ல சாப்பிடுற இடம் பிராமணர்களுக்குத் தனி, மத்தவங்களுக்குத் தனி. பெரியாரும் நீதிக்கட்சியும் விடாம எதிர்த்து, 1941-லதான் அது போச்சு. கிளாஸ் மட்டுமா பார்த்தாங்க?

அட்லாண்டா அகிலா:
இங்கயும் அதே கதைதான். தாத்தா, நீங்க சொன்ன "சீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது" இங்க ஒரு வழக்குலயே வருது. 1942 மே மாசம் எல்மர் ஹெண்டர்சன்னு ஒரு கறுப்பின அரசு அதிகாரி வாஷிங்டன்ல இருந்து அட்லாண்டா வழியா பர்மிங்ஹாம் போறார். டைனிங் கார்ல கிச்சனை ஒட்டின இரண்டு மேஜைதான் கறுப்பர்களுக்கு, நடுவுல திரை. அதுலயும் வெள்ளைக்காரங்க உட்கார்ந்துட்டாங்க. ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு, ஆனா உட்கார விடல. "உங்க சீட்டுக்கே கொண்டுவந்து தர்றோம், கூடுதல் காசு வேண்டாம்"னாங்க. அவர் ஒத்துக்கல. இடம் காலியானா சொல்லி அனுப்புறோம்னாங்க, சொல்லவே இல்ல, கடைசியில டைனிங் காரைக் கழட்டியே விட்டுட்டாங்க. அவர் வழக்குப் போட்டார். 1950 ஜூன் 5-ல உச்ச நீதிமன்றம் அந்தத் திரையும் ஒதுக்கின மேஜையும் சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லிச்சு. யாரோட உட்கார்ந்து சாப்பிடுறோம்ங்கிறதுதான் அங்க பிரச்சினையே.

பேன்ட்ரி தாத்தா:
அகிலாம்மா, இது எனக்குப் புதுசு. சீட்டுக்குக் கொண்டுபோறதை நான் சௌகரியமாத்தான் பார்த்திருக்கேன். ஆனா கரிசல் தம்பி சொன்னதையும் சேர்த்து யோசிச்சா, நம்மூர்ல பொது மேஜை ஒழிஞ்சதுல சிலபேருக்கு நிம்மதியாக்கூட இருந்திருக்கும். பக்கத்துல யாரு, என்ன சாப்பிடுறான்னு பார்க்க வேண்டாமே. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்ல, ஆனா வெஜ் தட்டு தனியாத்தான் வந்துதான்னு கேட்காத வண்டியே கிடையாது.

தென்காசிக்காரன்:
ரொம்ப நன்றி தாத்தா, எல்லாருக்கும்தான். இன்னும் ஒரு சின்னக் கேள்வி. ஆடுற வண்டியில சூடான காபியோட பத்துப் பன்னிரண்டு பெட்டி எப்படிக் கடந்தீங்க?

பேன்ட்ரி தாத்தா:
காலை அகட்டி வெச்சு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடக்கணும். வெஸ்டிப்யூல் தகட்டை ஒரே எட்டுல தாண்டிடணும், அது மேல நிக்கக் கூடாது. கப்புல முக்கால் அளவுதான் ஊத்துவோம். அதுக்கு "காசு முழுசா வாங்குற, காபி முழுசா இல்லையா?"ன்னு சண்டைக்கு வருவாங்க. வாங்க சார், நீங்களே இன்னொரு கப்பு நிறைய எடுத்துட்டு வந்துடுங்கன்னு கூப்பிடுவேன். ஒருத்தரும் எழுந்ததில்ல.