'கேங் இன்ஜங்ஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே, சட்டக் கல்லூரிப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரம், ராக்ஸ்பிரிங்ஸ் என்ற நாலு தெருப் பகுதி. அங்கே குற்றக் கும்பலைச் (கேங்) சேர்ந்தவர்கள் என்று சொல்லி 38 பேர் மீது நகராட்சி பொதுத்தொல்லை வழக்குப் போட்டது. அவர்களில் இருவர் சேர்ந்து அங்கே நிற்க, உட்கார, நடக்கக்கூட நீதிமன்றம் தடை விதித்தது. 1997-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. 'கும்பல் தடையாணை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

———

தடையாணை என்றால் ஸ்டே அம்மா. இன்ஜங்ஷனுக்கு உறுத்துக்கட்டளை இருக்கிறதே! நம்மூர் வழக்குரையில் 'நிரந்தர உறுத்துக்கட்டளைப் பரிகாரம்' என்றுதானே எழுதுகிறோம்? அப்புறம், 'கும்பு' என்றால் சோறு அடிப்பிடிப்பது. கும்பலில் அந்தத் தீய்ந்த வாடை இருக்கிறது. 'குழாம்' நல்ல சொல்.

———

ஐயா, வள்ளுவர் சான்றோருக்குத் தந்த குழாத்தை இவர்களுக்கா கொடுப்பது? உறுத்துக்கட்டளை என்றால் மாணவர்கள் "எங்கே உறுத்துகிறது?" என்பார்கள். தடையாணையே போதும், யாருக்கும் புரியும்.

———

எனக்குக் கும்பல்தான் உறுத்துகிறது. நீ கும்பலைச் சேர்ந்தவனா என்பதுதானே வழக்கே? அதே கலிபோர்னியாவின் ஆரஞ்சு நகரில் இதே மாதிரி வழக்கில் நடந்ததைப் பாருங்கள். நான் உறுப்பினன் இல்லை என்று வாதாட வந்தவர்களை அரசுத் தரப்பே வழக்கிலிருந்து விடுவித்தது. பிறகு அந்த வழக்கில் வாங்கிய தடை உத்தரவை அவர்கள் மீதே ஏவியது. விசாரிக்காமல் இப்படிச் செய்தது தவறு என்று 2013-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இது உரிமையியல் வழக்கு என்பதால் அரசுச் செலவில் வக்கீலும் கிடையாது. கும்பல் என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் தீர்ப்பை நாமே எழுதிய மாதிரி. 'கூடல் தடை' என்றால் என்ன?

———

கூடல் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்! கும்பல்காரர்கள் தெருவில் கூடி நிற்பதைத் தடுத்து, 1999-இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாது என்றான சிகாகோ சட்டத்தையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அது நகராட்சி போட்ட 'ஆர்டினன்ஸ்', அவசரச் சட்டம் மாதிரி ஒன்று. நீதிமன்ற ஆணை இல்லை.

———

'அவசரச் சட்டம்' வேறு! நகராட்சி விதி என்று எழுதுங்கள் தம்பி. குழாத்தை நான் விடுவதாக இல்லை.

———

நன்றி. தலைப்பில் 'கும்பல் உறுத்துக்கட்டளை', அடைப்புக்குறிக்குள் தடையாணை என்று போட்டு அனுப்பிவிட்டேன். கும்பலைப் பற்றிய அக்காவின் ஆட்சேபத்தை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். மெய்ப்பு வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் 'உருத்துக்கட்டளை' என்று அச்சாகியிருக்கிறது.

———

ஊழ்வினைதானே உருத்து வரும்? றகரம் போடச் சொல்லுங்கள்.