புதுப்பிப்பு: டாக்கரில் கிராஃபனா உடனே நின்றுபோகும் சிக்கல் தீர்ந்தது

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் அச்சகத்தின் சர்வர்களைக் கண்காணிக்க, டாக்கர் கம்போஸ் (மென்பொருள்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில், அதாவது பெட்டகங்களில், இயக்கும் கருவி) வழியாக நிறுவிய கிராஃபனா (அளவீடுகளை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்) கன்டெய்னர் தொடங்கிய உடனே நின்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி; இப்போது அது சீராக இயங்குகிறது.

லாக்கை (இயக்கப் பதிவை) படித்துவிட்டு, தரவைச் சேமிக்கக் கன்டெய்னருடன் இணைத்திருந்த கோப்புறையின் உரிமையாளர் யார் என்று பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனையே பலித்தது. கிராஃபனா தன் கன்டெய்னருக்குள் 472 என்ற பயனர் எண்ணில் இயங்குகிறது. அந்தக் கோப்புறையோ ரூட் (தலைமை நிர்வாகி) பயனருக்கு உரியதாக இருந்ததால், தரவுத்தளக் கோப்பை அங்கே எழுத அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. உரிமையை 472க்கு மாற்றியதும் 3000ஆம் போர்ட்டில் நுழைவுப் பக்கம் திறந்தது. எல்லோருக்கும் எழுதும் அனுமதி தரும் 777 முறையையும் சிலர் பரிந்துரைத்தீர்கள். பயனர் விவரங்கள் இருக்கும் இடத்தை அப்படித் திறந்துவைப்பது பாதுகாப்பல்ல என்று கருதி அதைத் தவிர்த்தேன். புதிதாக நிறுவுபவர்கள் டாக்கரே நிர்வகிக்கும் வால்யூமை (சேமிப்பிடத்தை) பயன்படுத்தினால் இச்சிக்கல் பெரும்பாலும் எழாது.

எதிர்பாராத ஒன்றும் நேர்ந்தது. சர்வர் அளவீடுகளைத் திரட்டிச் சேமிக்கும் புரோமிதியஸின் முகவரியாக, கிராஃபனாவில் லோக்கல்ஹோஸ்ட் (‘இதே கணினி’ என்று பொருள்) என்று கொடுத்தபோது இணைப்பு மறுக்கப்பட்டது, ஏனெனில் கன்டெய்னருக்குள் அது கிராஃபனாவையே சுட்டும். கம்போஸ் கோப்பில் உள்ள சர்வீஸ் பெயரையும் 9090 போர்ட்டையும் இட்டதும் வரைபடங்கள் வந்தன.

மின்வெட்டுக்குப் பிறகு கன்டெய்னர்கள் தாமாகவே எழ, ரீஸ்டார்ட் அமைப்பை ‘அன்லெஸ்-ஸ்டாப்ட்’ (நாமே நிறுத்தியிருந்தாலன்றி மீண்டும் தொடங்கு) என்று வைத்திருக்கிறேன். புரோமிதியஸ் இயல்பாக 15 நாள் தரவையே சேமிக்கும் என்பதால், மாதங்களை ஒப்பிட விரும்புவோர் அந்தக் கால அளவைத் தொடக்கத்திலேயே கூட்டிக்கொள்ள வேண்டும்.