மால் சுவரில் ஒரு சிவப்பு நாற்காலி: இடிக்கப்பட்ட விளையாட்டரங்கங்களின் தடங்கள்

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மால் ஆஃப் அமெரிக்காவுக்கு அண்மையில் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அதற்குள் இருக்கும் கேளிக்கைப் பூங்காவில், யாரும் ஏறி உட்கார முடியாத உயரத்தில், சுவரில் ஒரு சிவப்பு நாற்காலி பொருத்தப்பட்டிருக்கிறது. முன்பு அங்கே விளையாட்டரங்கம் இருந்ததாக மட்டும் ஒருவர் சொன்னார். அந்த நாற்காலி எதற்காக? இவ்வாறு மக்கள் அன்றாடம் புழங்கும் இடத்திலேயே பழைய அரங்கத்தின் அடையாளங்களை விட்டுவைத்த ஊர்கள் வேறு உண்டா?

மறுமொழி 1:
அங்கே இருந்தது 1956இல் திறக்கப்பட்ட மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம். மின்னசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணி 1961 முதல் 1981 வரை அங்கேதான் ஆடியது. 1985இல் அரங்கம் இடிக்கப்பட்டு, 1992இல் அந்த நிலத்தில் மால் திறக்கப்பட்டது. 1967 ஜூன் 3 அன்று அந்த அணியின் ஹார்மன் கில்லிப்ரூ அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடி), 520 அடி தொலைவு என்று கணக்கிடப்பட்டது. பந்து மேல்தளப் பார்வையாளர் பகுதியில் போய் விழுந்த இடத்தைத்தான் அந்த நாற்காலி குறிக்கிறது. மட்டையாளர் நின்ற ஹோம் பிளேட் இருந்த இடத்தில் பூங்காவின் தரையிலேயே ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். அடுத்த முறை செல்லும்போது அந்தத் தகட்டருகே நின்று நாற்காலியை நிமிர்ந்து பாருங்கள். எண்ணாகப் படிக்கும்போது பிடிபடாத அந்தத் தூரம் அப்போதுதான் உறைக்கும். அந்த வணிக வளாகத்தை ஒட்டிய சாலைக்கும் கில்லிப்ரூவின் பெயரே.

மறுமொழி 2:
இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1966 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில், எவரும் பொருட்படுத்தாத வட கொரிய அணி இத்தாலியை 1–0 என்று வீழ்த்திய ஏர்சம் பார்க் மைதானம் 1995 வரை மிடில்ஸ்பரோ அணியின் சொந்த மைதானமாக இருந்தது. பின்னர் இடிக்கப்பட்டு, இன்று அங்கே வரிசை வரிசையாக வீடுகள் நிற்கின்றன. பாக் டூ இக் அந்த ஒற்றைக் கோலை அடித்த இடத்தை, காலணி ஆணிகளின் தடம் பதிந்த வெண்கல வார்ப்பாக ஒரு வீட்டின் முன்புறத் தோட்டத்தில் கலைஞர் நெவில் கேபி பதித்திருக்கிறார். அந்த வட கொரிய அணியில் எஞ்சியிருந்த வீரர்கள் 2002இல் மிடில்ஸ்பரோவுக்கு மீண்டும் வந்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பழைய பந்தைவிட இத்தகைய அடையாளமே மேலானது என்பது என் உறுதியான கருத்து. பந்தை எந்த ஊருக்கும் எடுத்துச் சென்றுவிடலாம். கோல் விழுந்த மண் ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அரங்கத்தின் சுவரோ தூணோ உண்மையாகவே எஞ்சியிருக்கும் இடம் எதுவும் இல்லையா?

மறுமொழி 3:
இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1909 முதல் 1970 வரை இயங்கிய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் அரங்கத்தின் வெளிச்சுவரில் ஒரு பகுதி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் கொடி படர்ந்தபடி இன்றும் நிற்கிறது. கடைசி ஆட்டத்தில் பயன்பட்ட ஹோம் பிளேட், ஏறத்தாழ அது இருந்த இடத்திலேயே, பாஸ்வார் ஹால் கட்டடத்தின் தரையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மாணவர்கள் வகுப்புக்குப் போகும் வழியில் அதைக் கடந்து செல்கிறார்கள். 1960 அக்டோபர் 13 அன்று பில் மாசெரோஸ்கி கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னால் உள்ளூர் பைரேட்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸை 10–9 என்று வென்று, அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரைக் கைப்பற்றியது. ஆண்டுதோறும் அதே நாளில் ரசிகர்கள் அந்தச் சுவரருகே கூடி, அன்றைய ஆட்டத்தின் வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். பிட்ஸ்பர்க் செல்வதானால் அந்த நாளைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.