பழைய தையலில் ஊடுருவிய பிளசென்டா: சிறுநீர்ப்பையைக் கர்ப்பப்பையிலிருந்து எப்போது பிரிப்பது?

டாக்டர்களே, உடனடியாக யோசனை தேவை. முன்பு 2 சிசேரியன், இப்போது 34 வாரம். பிளசென்டா (நஞ்சுக்கொடி) பழைய தழும்பில் ஊடுருவி, சிறுநீர்ப்பை ஓரம் வரை வந்திருக்கிறது. குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி இடைவெளியில் 2 டோஸ் போட்டாயிற்று. ரத்தமும் பிளாஸ்மாவும் தயார்.

நெடுக்குக் கீறல் போட்டு, மேசையிலேயே ஸ்கேன் வைத்து பிளசென்டாவின் மேல் விளிம்பைக் குறித்து, அதற்கும் மேலே கர்ப்பப்பையைத் திறந்து குழந்தையை எடுப்போம். தொப்புள்கொடியைக் கட்டி, பிளசென்டாவை உள்ளேயே விட்டு, கர்ப்பப்பையை மூடி, ஹிஸ்டரெக்டமி (கர்ப்பப்பையை அகற்றுதல்). பிளசென்டாவை இழுத்துப் பார்க்கவே கூடாது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடும். பாதி பிரிந்தாலே கட்டுப்படாது.

கவலை சிறுநீர்ப்பைதான். 200 மி.லி. சலைன் நிரப்பினால் விளிம்பு தெரியும். ஆனால் நடுவில் புதிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும். பக்கவாட்டிலிருந்து முதலில் பிரிப்பதா, கர்ப்பப்பைத் தமனிகளைக் கட்டிய பிறகா? ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராமைக் கீறலுக்கு முன்பே கொடுக்கிறீர்களா? செய்து பார்த்தவர்கள் வரிசையோடு எழுதுங்கள்.